தாளில் அடங்காத பத்தி

என் மாமியார் என்னைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது, "குழா கம்பெனில வேல பாக்குது" என்பார். கல்யாணமான நாளிலிருந்து திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். நாங்கள் செய்வது குழாய் இல்லை, சமையலறையில் திருகுகிற பைப்பும் இல்லை. எண்ணெய் ஆலைகளிலும், ஊர் விட்டு ஊர் போகிற பெரிய குழாய் வரிசைகளிலும் எண்ணெயையும் வாயுவையும் ஓட விடுகிற, நிறுத்துகிற வால்வுகள். சிலவற்றைக் கையால் தூக்கலாம், சிலவற்றுக்குக் கிரேன் வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற எங்கள் ஷெட்டில் அவற்றைக் கடைந்து, பூட்டி, சோதித்து அனுப்புகிறோம்.

அதில் என் வேலை இரும்பைத் தொடுவது அல்ல, தாளைப் புரட்டுவது. ஒரே வால்வுக்கு உலகத்தில் எத்தனை பேர் தரம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அமெரிக்காவின் எண்ணெய்க்காரர்கள் எழுதிய தரம், வால்வின் சுவர் நல்ல தடிமனாக இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கும். அதே அமெரிக்காவின் பொது எந்திரக்காரர்கள் எழுதிய தரம், அவ்வளவு எதற்கு, இது போதும் என்று சொல்லும். கசிவு விஷயத்தில் ஒரு தரம் சொட்டுகளை எண்ணும். இன்னொன்று மில்லிலிட்டரில் அளக்கும். மூன்றாவது, கசிவு கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடும். யார் கண்ணுக்கு என்று அது சொல்லாது. இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதைவிடக் கடுமை, எங்கே ஒன்றின் இடத்தில் இன்னொன்று செல்லும் என்று பார்த்துச் சொல்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. டிப்ளமோ மட்டும் படித்துவிட்டு, பி.இ. படித்தவர்கள் சந்தேகம் கேட்டு வந்து நிற்கிற மேசையில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

அவள் என் சிநேகிதி, எங்கள் கம்பெனியில் நான் சேர்ந்த அதே வருடம் சேர்ந்தவள். ஐ.டி.ஐ. படித்துவிட்டு டெஸ்ட் பெஞ்சில் வேலை. செய்து முடித்த வால்வை மேடையில் இறுக்கி, மூடி, ஒரு பக்கம் தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றுவாள். மறுபக்கம் சொட்டு வருகிறதா என்று பார்ப்பாள். வரவில்லை என்றால் அறிக்கையில் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்துக்கு எஸ்டேட்டில் ஒரு மரியாதை இருந்தது. வாடிக்கையாளர் அனுப்புகிற இன்ஸ்பெக்டர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பாதி வால்வுகளை மறுபடி சோதிக்காமலே விட்டுவிடுவார்கள். அவளும் அவள் பொண்ணும் இருந்த வீடு அவள் ஒருத்தியின் வேலையில் ஓடியது. அவளுக்கு இருந்த சொத்து அந்தக் கையெழுத்துதான் என்று சொன்னால் மிகை இல்லை.

எனக்கு அப்போது திருநின்றவூரில் வாடகை வீடு. காலையில் லேடீஸ் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துவிடுவேன். ஆவடியில் ஏறுகிற கூட்டம் என்னைத் திட்டிக்கொண்டேதான் வரும். நான் காதில் வாங்கமாட்டேன். திருமுல்லைவாயிலில் அவள் ஏறியதும் பையை எடுப்பேன். அவள் உட்கார்ந்து வருவது அம்பத்தூரும் பட்டரவாக்கமும் ஆக இரண்டே ஸ்டேஷன். அதற்கு இவ்வளவு வம்பா என்று அவளே கேட்பாள். எனக்கு அந்த வம்பு பிடித்திருந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. தண்ணீர் ஏற்றி முடித்ததும் கடிகாரத்தைப் பார்க்கமாட்டாள். ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உதட்டுக்குள் சொல்லி முடிக்கும்வரை வால்வை அழுத்தத்தில் வைத்திருப்பாள். எப்படியும் மூன்று, நான்கு நிமிடம் ஆகும். அறிக்கையில் தரம் கேட்கிற ஒரு நிமிடத்தைத்தான் எழுதுவாள்.

"வால்வுக்கெல்லாம் ஜெபம் பண்ற ஒரே ஆள் நீதான்டி" என்று கேலி செய்வேன்.

"கிண்டல் பண்ணாத. ஒரு நிமிஷத்துல இன்னாடி தெரியும்? சில வால்வு வெக்கப்பட்டுகினு மூணாவது நிமிஷந்தான் சொட்டும்" என்பாள்.

அந்த மூன்றாவது நிமிடம்தான் வினையாக வந்தது. ஒரு சமயம் ஆர்டர்கள் குவிந்தன. பூட்டிய வால்வுகள் எல்லாம் டெஸ்ட் பெஞ்சுக்கு முன்னால் வரிசைகட்டி நின்றுவிட்டன. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், எல்லாம் அங்கதான் தேங்குது. எந்த ஸ்டாண்டர்டுக்கு எவ்வளவு நேரம் வெக்கணும்னு ஒரே தாள்ல போட்டுக் குடுங்க. செவுத்துல ஒட்டிடலாம்."

எனக்கு இது கரும்பு தின்னக் கூலி மாதிரி. இரண்டு நாள் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். இடது ஓரத்தில் வால்வின் அளவு. மேலே ஐந்து தரங்கள், ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி. ஆறு அங்குல வால்வு என்றால் முதல் நான்கு பத்திகளிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்கவில்லை. ஐந்தாவது, நீண்ட குழாய் வரிசைகளுக்கான பைப்லைன் தரம், ஐந்து நிமிடம் கேட்டது. காட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் புதைத்துவிட்டு வருகிற வால்வை நாளைக்குத் தோண்டிச் சரி செய்ய முடியாது, அதனால் அப்படி.

அச்சிட்டுப் பார்த்தால் ஐந்து பத்தியும் ஒரு தாளில் அடங்கவில்லை. சுருக்கினால் எழுத்து எறும்பு ஊர்வது போல் ஆனது. பைப்லைன் ஆர்டர் அப்போது எங்களுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த ஐந்தாவது பத்தியைக் கம்ப்யூட்டரில் மறைத்துவிட்டு அச்சிட்டேன். நான்கும் அழகாக வந்தது. ஷெட்டுக்குள் போகிற எந்தத் தாளுக்கும் ஓர் எண் போட்டு, தேதி போட்டு, நான் கையெழுத்துப் போடவேண்டும் என்பது எங்கள் விதி. மேனேஜர் அவசரப்படுத்தினார், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. என் கம்ப்யூட்டரில் மட்டும் மறைத்ததைத் திரும்பத் திறந்து வைத்துக்கொண்டேன். என் திரையில் எப்போதும் ஐந்து பத்தி, அவள் சுவரில் நான்கு.

தாளை ஒட்டப் போன அன்று, நாலு பேர் நிற்கும்போதே அவள் கேட்டாள். "ஒரு நிமிஷம் பத்தாதுன்னு உனக்கே தெரியும்ல?"

"தரம் எழுதினவங்க நம்மளவிடப் படிச்சவங்க" என்றேன்.

"படிச்சவங்க ஒருநாளாவது பெஞ்சாண்ட வந்து நின்னாங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேனேஜரிடம் போய், பெஞ்சில் ஒரு டைமர் மணி வைத்தால் நல்லது என்று நானே சொன்னேன். இரண்டே நாளில் வைத்துவிட்டார்கள். ஒரு நிமிடம் ஆனதும் அது கத்தும், அவள் அழுத்தத்தை இறக்குவாள். ஜெபம் நின்றது. ரயிலில் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தானாகவே பேசினாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் அதை நினைத்தால் கூசுகிறது.

பத்து மாதம் கழித்து முதல் பைப்லைன் ஆர்டர் வந்தது, எல்லாம் ஆறு அங்குல வால்வுகள். இந்தத் தொழிலில் ஒரு குழப்பம் உண்டு. ஒரே தரத்துக்கு அமெரிக்கா ஓர் எண் கொடுக்கும், உலக அமைப்பு வேறோர் எண் கொடுக்கும். உள்ளே விஷயம் ஒன்றுதான். என் அட்டவணையின் ஐந்தாவது பத்தியில் அமெரிக்க எண் இருந்தது, ஆர்டரில் உலக எண் இருந்தது. அவள் இன்டர்காமில் கூப்பிட்டாள்.

"ஏய், இந்த ஆர்டர்ல இன்னாவோ நம்பர் போட்டுகீது. தாள்ல இல்ல. எத்த பாக்கறது?"

நான் வேறு ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்தேன், கடைசியில் பைப்லைன் பத்தி இருந்தது. "கடைசிப் பத்தியைப் பாரு" என்றேன்.

"அதுல வேற நம்பர் கீதுடி."

"ஒண்ணுக்கே ரெண்டு நம்பர் வெச்சிருப்பானுங்க. ரெண்டும் ஒண்ணுதான். நீ போடு."

அவள் சரி என்று வைத்துவிட்டாள். அவள் சுவரில் கடைசியாக இருந்தது நான்காவது பத்தி. அதில் ஒரு நிமிடம்.

வால்வுகளை அனுப்புவதற்கு முன்னால் வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் வந்தார். நான்கு வால்வைத் தானே பொறுக்கி எடுத்து, ஐந்து நிமிடம் வைக்கச் சொன்னார். இரண்டு வால்வு மூன்றாவது நிமிடத்தில் சொட்ட ஆரம்பித்தன. அறிக்கைகளை வாங்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரு நிமிடம் என்று எழுதி, கீழே அவள் கையெழுத்து. மொத்த வால்வையும் நிறுத்திவைத்துவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. நாளைக் காலையில் பெஞ்சுக்கே வந்து விசாரிக்கிறேன் என்றார்.

நான் மேசைக்கு வந்து அட்டவணையைப் பார்த்தேன். நடந்தது என்ன என்று புரிய ஒரு நிமிடம் பிடிக்கவில்லை. அப்போது உதவி மேலாளர் பதவிக்கு என் பெயரைச் சிபாரிசு செய்திருந்தார்கள். டிப்ளமோக்காரிக்கு அது லேசில் கிடைப்பது இல்லை, நான் பல வருடம் முட்டி மோதியிருந்தேன். ஆனால் நான் அடுத்துச் செய்ததற்குக் காரணம் அது என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாகிவிடும். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். 'எப்படி இப்படி ஒரு தப்பு பண்ணீங்க மேடம்' என்று நாலு பேர் முன்னால் ஒருவர் கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தாளைப் படுக்கைவாட்டில் வைத்து அச்சிட்டேன். ஐந்து பத்தியும் தாராளமாக அடங்கியது. பத்து மாதத்துக்கு முன்னால் இதைச் செய்ய எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஐந்தாவது பத்தியின் தலையில் இரண்டு எண்களையும் சேர்த்துப் போட்டேன். கீழே தாள் எண் போட்டேன், பத்து மாதத்துக்கு முந்தைய தேதி போட்டேன், கையெழுத்தும் போட்டேன். நாலு மணி டீக்கு எல்லோரும் கேன்டீனுக்குப் போனபோது பெஞ்சுக்குப் போய்ப் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் ஒட்டினேன். கிழித்ததைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது கேன்டீனில் அவள் எனக்கும் ஒரு டீ வாங்கி வைத்திருந்தாள். குடித்தேன்.

மறுநாள் காலை மேனேஜர், அவள், நான், ஷெட்டின் ஃபோர்மேன் நால்வரும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றோம். மேனேஜர் தாளில் விரலை வைத்து வரிசையாக ஓட்டிக்கொண்டே போனார். கடைசிப் பத்தியில் நிறுத்தினார்.

"அஞ்சு நிமிஷம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேம்மா. ரெண்டு நம்பரும் இருக்கு. படிக்கத் தெரியாதா உனக்கு?"

அவள் தாளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் டைமரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் தொண்டையைச் செருமினார். கடைசியில் அவள், "பாக்காம உட்டுட்டேன் சார்" என்றாள்.

அன்று மத்தியானமே அவளிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். பெரிய வாடிக்கையாளருக்கு ஓர் ஆளைக் காட்டவேண்டியிருந்தது. எஸ்டேட்டில் இந்த மாதிரிச் செய்தி ஒரு டீ நேரத்தில் எல்லா ஷெட்டுக்கும் போய்விடும். டெஸ்ட் பண்ணாமலே கையெழுத்துப் போடுகிறவள் என்று பெயர் கட்டிவிட்டார்கள். நான்கைந்து வால்வுக் கம்பெனிகளில் ஏறி இறங்கினாள், யாரும் பெஞ்சைக் கொடுக்கவில்லை. பிறகு வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் லேப் சாமான்களைக் கழுவி வைக்கிற வேலைக்குப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் பதவி வந்தது. நான் வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தேன்.

அவள் தன் கண்ணையே சந்தேகப்பட்டிருப்பாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்டர்காமில் நான் சொன்னதைக்கூடத் தான் தப்பாகப் புரிந்துகொண்டதாக எண்ணியிருப்பாள் என்று. கூட இருந்தவளைத் தன் கண்ணையே நம்பாதபடி ஆக்கிவிட்டோமே என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அவளைப் போய்ப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் கல்யாணத்துக்குப் போகத் தெரிந்த எனக்கு, திருமுல்லைவாயிலில் இறங்கத் தெரியவில்லை.

இந்த வருடம் ஒரு தரத்தின் புதிய பதிப்பு வந்தது. அட்டவணையைத் திருத்தவேண்டும். தாளின் அடியில் திருத்தங்களைக் குறிக்கிற கட்டத்தில், முதல் வரியில் நான் போட்ட பொய்த் தேதியும் கையெழுத்தும் இருந்தன. அதற்குக் கீழே இரண்டாவது கையெழுத்துப் போடவேண்டும். பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்தார், மடித்தார், மேசை இழுப்பறையில் போட்டார்.

"பழைய கதை மேடம். இப்ப எதுக்கு? விடுங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போய்விட்டு வந்திருக்கும் நேரம் பார்த்து, திருமுல்லைவாயிலில் இறங்கினேன். கதவைத் திறந்தவள் ஆச்சரியப்படவில்லை. "வா, உக்காரு" என்றாள். தலை நரைத்திருந்தது. பொண்ணு நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறாளாம். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தியை மறைத்தது, இன்டர்காமில் சொன்னது, டீ நேரத்தில் தாளை மாற்றியது, தேதி போட்டது. சொல்லி முடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை.

"தெரியும்டி" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "என்ன தெரியும்?"

"நீ மாத்துனது. பழைய தாளு நெட்டா நின்னுகினு இருந்துது, இது படுத்துகினு இருந்துது. பழசுல ஓரத்துல பொண்ணு பரீட்சை தேதிய பென்சில்ல எழுதி வெச்சிருந்தேன். பத்து மாசமா தெனமும் அத்த பாத்துகினு நின்னவ நானு. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் பார்க்காம விட்டுட்டேன்னு சொன்னே?"

அவள் ஒரு கிளையை உருவி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "நீ சொல்லுவேன்னு பாத்தேன். அவ்ளோ நேரம் எதுக்கு அந்தத் தாள பாத்துகினு நின்னேன்னு நெனச்ச? நீ வாயே தொறக்கல. நான் சொல்லிருக்கலாம், இவதான் கடைசிப் பத்திய பாக்கச் சொன்னா, இவதான் தாள மாத்திட்டான்னு. சொன்னா அவரு உன்ன பாத்து, அப்படியான்னு கேப்பாரு. நீ இல்ல சார்னுடுவ. எம் மூஞ்சிக்கு நேரா நீ பொய் சொல்றத பாக்க எனக்குத் தெம்பு இல்லடி. அதுக்கு வேலையே போவட்டும்னு உட்டுட்டேன்."

நான் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அன்று அவர் கேட்டிருந்தால் 'இல்ல சார்' என்றுதான் சொல்லியிருப்பேன்.